38 பேர் வகுப்பில் மூன்று பிள்ளைகள்: சிறப்புப் பயிற்சி இல்லாத ஆசிரியர் எங்கே தொடங்குவது?

ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஓர் ஆசிரியையின் கேள்வி இது. வகுப்பில் 38 பேர். ஒரு பையன் வாய் ஓயாமல் பேசுவான், கேட்ட கேள்விக்குப் பளிச்சென்று பதில் சொல்வான், ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு பத்தியைத் தாண்டமாட்டான். ஒரு பெண் இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறாள். மூன்றாவது பையனுக்கு ஆட்டிசம். அவனுக்கென்று பள்ளி ஓர் உதவியாளரை வைத்திருக்கிறது, அந்த அம்மா நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "எனக்குச் சிறப்புக் கல்வியில் எந்தப் பயிற்சியும் கிடையாது. மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பாடம் தயாரிக்க நேரமும் இல்லை. மற்ற 35 பேருக்குச் சேரவேண்டிய நேரத்தை எடுத்து இவர்களுக்குக் கொடுப்பது நியாயமா?" என்று கேட்கிறார்.

நான் சிறப்பாசிரியர். சாதாரணப் பள்ளிகளுக்குப் போய், வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. இந்த மூவரில் எனக்கு அதிகக் கவலை தருகிறவன், உங்கள் கணக்கில் ஏற்கெனவே கவனிக்கப்பட்டுவிட்ட அந்த மூன்றாவது பையன்தான். அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் பையன் எதில் கெட்டி, எதில் தடுமாறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது பையனைப் பற்றி, உதவியாளர் பக்கத்தில் இருக்கிறார் என்பதைத் தவிர ஒரு தகவலும் இல்லை. அவனுக்குக் காந்தம் பிடிக்குமா, செடி பிடிக்குமா, போன வாரப் பாடத்தில் எது புரிந்தது, எங்கே விட்டுவிட்டான்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டால் எந்த ஆசிரியருக்கும் இப்படித்தான் ஆகும். 'அவர் பார்த்துக்கொள்கிறார்' என்ற நிம்மதியில் கண் அந்தப் பக்கம் போவதே குறைந்துவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் 2008 வரை பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தானே உதவியாளர் கிடைக்கிறார், அதனால் அப்படி இருக்கும் என்று உடனே தோன்றும். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. உதவியாளர்களைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. பாடம் என்ன என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வகுப்புக்குள் வந்த பிறகு பிள்ளையோடு சேர்ந்து அவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நோட்டில் எழுதி முடித்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்களிடம் எதிர்பார்க்கப்படுகிறது, ஆகவே பதிலைச் சொல்லி எழுத வைத்துவிடுகிறார்கள். ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் நேராகப் பேசுவதும் குறைந்துபோகிறது. அமெரிக்காவில் மைக்கேல் ஜியாங்ரெகோ குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. பெரியவர் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருந்தால் சக பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை, பிள்ளையும் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறது.

நான் ஒரு வகுப்பில் கண்ணால் பார்த்தது. ஆசிரியர் "நோட்டைத் திறங்க" என்றார். எல்லா நோட்டும் திறந்தன, ஒன்று மட்டும் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த உதவியாளர் அம்மா "நோட்டைத் திற" என்று மெதுவாகச் சொன்னதும் அதுவும் திறந்தது. அந்தப் பையனுக்குக் காது நன்றாகக் கேட்கும். முன்னால் நின்று ஆசிரியர் சொல்வதெல்லாம் மற்றவர்களுக்கு, தனக்குச் சொல்லவேண்டியது பக்கத்தில் இருந்து வரும் என்று அவன் கற்றுவைத்திருந்தான்.

இதை மாற்றுவதற்கு உதவியாளரை அனுப்பிவிட வேண்டியதில்லை. அவருடைய நாற்காலியை நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. வகுப்புக்குப் பின்னால் ஓர் இடம், அங்கிருந்து அவர் தேவைப்படும்போது எழுந்து வரலாம். பிள்ளைகள் பயிற்சி செய்யும் பத்து நிமிடத்தில் அவர் வகுப்பைச் சுற்றி வரட்டும், யார் கேட்டாலும் பதில் சொல்லட்டும். அந்த நேரத்தில் நீங்கள் போய் இந்தப் பையன் பக்கத்தில் உட்காருங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் நீங்கள். கற்பதற்கு அதிகம் சிரமப்படும் பிள்ளைக்குப் பயிற்சி இல்லாதவரையும், சுலபமாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி உள்ளவரையும் கொடுத்துவைத்திருக்கிறோம். வேறு எந்தத் தொழிலிலாவது இப்படிச் செய்வார்களா?

உதவும் முறையையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். குறைந்த உதவியில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றிக்கொண்டு போவது. முதலில் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பது. அப்புறம் "அடுத்து என்ன?" என்று கேட்பது. அதற்கும் நகரவில்லை என்றால் ஒரு குறிப்பு, ஒரு சொல்லோ ஒரு விரல் சுட்டலோ. அதற்கும் வரவில்லை என்றால் ஒரு தடவை செய்து காட்டுவது. எழுதிக்கொடுப்பது கடைசி, அதுவும் எப்போதாவது. இதில் மிகக் கடினமானது முதல் படிதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள், உடனே அடுத்த பிள்ளைக்குத் தாவினார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொன்னார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். சொன்னதை உள்வாங்கவே கூடுதல் நேரம் எடுக்கும் ஒரு பையனுக்கு மூன்று நொடி போதாது, மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். வகுப்பில் அமைதியாகப் பத்து எண்ணுவது என்ன பாடு என்று எனக்கும் தெரியும்.

ஆட்டிசம் பற்றிப் பொதுவாக எழுத ஆரம்பித்தால் அது உங்கள் பையனுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் போல இருப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலும் பலன் தருகிற சில விஷயங்கள் உண்டு. இன்றைய பாடவேளை எப்படிப் போகும் என்பதைப் பலகையின் ஓரத்தில் நான்கு வரியாக எழுதிப்போடுங்கள், முடிந்ததை ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் சொல்லிவிடுங்கள். சோதனைக்கூடத்துக்குப் போவது போன்ற வழக்கத்துக்கு மாறான விஷயம் என்றால் முந்தைய நாளே சொல்லிவிடுவது நல்லது. பேச்சை நேராக வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் கணக்கை ஒரு கை பாரு" என்று ஓர் ஆசிரியர் சொன்னதும் ஒரு பையன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். வகுப்பு சிரித்தது, அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. "பேசாம உட்காருறியா?" என்பதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு "மாட்டேன்" என்று பதில் சொல்கிற பிள்ளை திமிர் பிடித்தவன் இல்லை.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கண்ணைப் பார்க்கும் முயற்சியிலேயே கவனம் முழுவதும் போய், சொன்னது காதில் ஏறாமல் போகும். கையை ஆட்டுவது, முன்னும் பின்னும் அசைவது யாருக்கும் தொந்தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தன்னைச் சமப்படுத்திக்கொள்ளத்தான் அவன் அதைச் செய்கிறான். சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்காமல் அவன் உடைந்துபோகும் நேரம் வந்தால், பேச்சைக் குறையுங்கள். "என்ன ஆச்சு, ஏன் இப்படிப் பண்றே" என்று நான்கு பேர் சுற்றி நின்று கேட்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். ஒருவர் மட்டும் அருகில், சொல் குறைவாக, முடிந்தால் அமைதியான இடம். எல்லாம் அடங்கிய பிறகு, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று குறித்துவையுங்கள். நான்கைந்து குறிப்புகள் சேர்ந்தால் காரணம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். மணி அடிப்பது, இடம் மாறி உட்கார வைத்தது, யாரோ தொட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

குழுவேலையில் "எல்லாரும் சேர்ந்து செய்யுங்க" என்பது அவனுக்கு எந்த வேலையும் கொடுக்காததற்குச் சமம். அளவெடுப்பவன், நேரம் பார்ப்பவன், எழுதுபவன் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுங்கள், அவனுக்கும் ஒன்று. டேமியன் மில்டன் என்ற பிரிட்டன் ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு விஷயம் சொன்னார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றே பேசுகிறோம், மற்றவர்களுக்கும் அவரைப் புரியவில்லை, சிக்கல் இருபக்கமும் இருக்கிறது என்று. குழுவில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அவனிடமும் வீட்டிலும் கேட்டு, அவர்கள் சரி என்ற அளவுக்கு மட்டும்.

சரி, வாசிக்கத் தடுமாறும் பையன். முதலில் கண், காது இரண்டையும் பரிசோதித்தாயிற்றா என்று வீட்டில் கேளுங்கள். இதைச் சொல்லக்கூட வேண்டுமா என்று தோன்றும், ஆனால் கண்ணாடி போட்டதும் 'கற்றல் குறைபாடு' காணாமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள், ஐந்து நிமிடம் போதும். அவன் தடுமாறிய அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதிலிருந்து மூன்று கேள்வி கேளுங்கள். காதால் கேட்டபோது புரிந்தது என்றால், எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில்தான் சிக்கல். கேட்டபோதும் புரியவில்லை என்றால் சிக்கல் மொழியில் இருக்கலாம், அப்போது வாசிப்புப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பயனில்லை. காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் சொன்ன எளிய கணக்கு இது. எழுத்தை உடைத்து வாசிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது, இரண்டில் எது பூஜ்ஜியமானாலும் விடை பூஜ்ஜியம்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் பையன் முதல் வகை போலத் தெரிகிறான், டிஸ்லெக்ஸியா என்று சொல்வார்களே, அது. ஆனால் பெயர் சூட்டுவது உங்கள் வேலையும் இல்லை, நேரில் பார்க்காத என் வேலையும் இல்லை. அதற்குரிய மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், அது முடியும்வரை உதவியைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்லெக்ஸியா பெரும்பாலும் ஒலி சம்பந்தப்பட்ட விஷயம். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பிடிப்பதும் அவற்றை எழுத்தோடு இணைப்பதும் தாமதமாகின்றன. எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்பது சினிமாக் கதை. தமிழில் இந்தச் சுமைக்கு நமக்கென்று ஒரு வடிவம் உண்டு. 'கொ' என்று வாசிக்க, எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு கொம்பையும் வலப்பக்கம் ஒரு காலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே 'க', ஒலி மூன்று. சரளமாக வாசிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, தடுமாறுகிறவன் ஒவ்வொரு சொல்லிலும் இடறுகிறான்.

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஒன்று. அதற்கு ஒலி, எழுத்து, அசை, சொல் என்று ஒழுங்காக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் பயிற்சி வேண்டும், மொழி ஆசிரியரும் சிறப்பாசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டியது. இன்னொன்று, அந்தப் பயிற்சி முடியும்வரை அவன் அறிவியலை இழக்காமல் பார்த்துக்கொள்வது. இது உங்கள் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்கிற பள்ளிகள், வாசிப்புப் பயிற்சிக்காக அறிவியல் வேளையிலேயே பிள்ளையை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அவன் நன்றாகச் செய்யும் ஒரே பாடம் அதுவாக இருக்கும்! அப்படி ஒரு திட்டம் வந்தால் எதிர்த்துப் பேசுங்கள்.

உங்கள் வேளையில் செய்யக்கூடியது நிறைய. பாடத்தில் வரும் ஆறேழு முக்கியச் சொற்களை முன்னதாகவே பலகையில் எழுதி, வாசித்து, அசை பிரித்துக் காட்டுங்கள், 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லில் எத்தனை பேர் தடுக்கி விழுகிறார்கள் என்று பாருங்கள். பத்தியைப் பக்கத்துப் பிள்ளை வாசிக்கட்டும், அல்லது நீங்கள் வாசித்து மொபைலில் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்புங்கள். அவனுக்குக் கொடுக்கும் தாளில் எழுத்துக்களுக்கு நடுவிலும் வரிகளுக்கு நடுவிலும் இடைவெளி விடுங்கள். பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வது அவனுக்குப் பெரிய தண்டனை, தலையைத் தூக்கி, ஒரு சொல்லைப் பிடித்து, குனிந்து எழுதுவதற்குள் அது நழுவிவிடும். குறிப்பை அச்சிட்டுக் கொடுங்கள் அல்லது பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் படமெடுக்க விடுங்கள். பதிலை வாயால் சொல்லலாம், படம் வரைந்து பெயர் குறிக்கலாம். அறிவியல் தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி "நீ வாசி" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். தன் முறை எப்போது வருமோ என்ற பயத்தில் அந்த வேளை முழுக்க அவன் வேறெதையும் கேட்கமாட்டான்.

வண்ணத்தாள் மூடி வாசிக்க வைப்பது, வண்ணக் கண்ணாடி போடுவது என்று யாராவது விற்க வந்தால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். அவை டிஸ்லெக்ஸியாவைச் சரிசெய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதே மாதிரிதான் இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வித்தை. அந்தப் பிரிவின்படி கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்டு பாஷ்லர் என்ற உளவியலாளரின் குழு 2008-லேயே விரிவாக எழுதிவிட்டது. ஆனாலும் ஆசிரியர் பயிற்சி முகாம்களில் இது இன்னும் சாகவில்லை.

காதுக்கருவி அணிந்த பெண்ணுக்குத்தான் மிக விரைவாகப் பலன் காட்ட முடியும். கருவி, கண்ணாடியைப் போல வேலை செய்வதில்லை. கண்ணாடி போட்டால் பார்வை தெளிகிறது, கருவி உங்கள் குரலோடு சேர்த்து மின்விசிறிச் சத்தத்தையும் நாற்காலி இழுபடும் சத்தத்தையும் பெரிதாக்குகிறது. பேசுகிறவர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கும்போதுதான் அது நன்றாக உதவும். பின்னணிச் சத்தத்தைவிட ஆசிரியரின் குரல் 15 டெசிபெல்லாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வல்லுநர்களின் பரிந்துரை, 38 பேர் இருக்கும் வகுப்பில் அது எளிதில் கிடைக்காது. அதனால் அவளை முன்பக்கம், கொஞ்சம் ஓரமாக உட்கார வையுங்கள். நடுவில் முதல் பெஞ்சைவிட ஓரம் மேல், திரும்பினால் பேசுகிற மற்றப் பிள்ளைகளின் முகமும் தெரியும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டில் போய்விடும். பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி, அப்புறம் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் உதட்டசைவு கோணுகிறது, ஒலியும் சிதைகிறது.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் வகுப்பு உரையாடலில் பாதியை அவளுக்கு மீட்டுக் கொடுத்துவிடலாம். ஆசிரியர் சட்டையில் மாட்டிக்கொண்டால் குரலை நேராகக் கருவிக்கு அனுப்பும் ரேடியோ மைக்குகள் இருக்கின்றன, அவளுடைய கருவியோடு அது சேருமா என்று கருவி கொடுத்த இடத்தில் விசாரியுங்கள். கிடைத்தால், வகுப்பை விட்டு வெளியே போகும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள். மறந்துபோய் ஆசிரியர் அறையில் பேசியதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நேரடி ஒலிபரப்பான கதை எங்கள் தொழிலில் ஊரறிந்தது.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் அவள் தலையாட்டுவாள். எல்லாப் பிள்ளைகளும் ஆட்டுவார்கள், இவள் இன்னும் வேகமாக ஆட்டுவாள். "முதல்ல என்ன செய்யப்போறே?" என்று கேளுங்கள். நாள் முழுக்க உதட்டைப் பார்த்து, கேட்டதில் விட்டுப்போனதை ஊகித்து நிரப்புவது மூளைக்குப் பெரிய உழைப்பு, கடைசி வேளையில் அவள் சோர்ந்து மேசையில் சாய்ந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காணொளி போட்டால் வசன எழுத்தோடு போடுங்கள். வகுப்பை இருட்டாக்கிவிட்டு நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, நியாயமா என்பது. மேலே சொன்னதில் எதெல்லாம் அந்த மூவருக்கு மட்டும் என்று எண்ணிப் பாருங்கள். வேளையின் வரிசையைப் பலகையில் எழுதுவது, புதுச் சொல்லை முன்னால் சொல்லிவைப்பது, பதிலைத் திருப்பிச் சொல்வது, கேள்விக்குப் பின் காத்திருப்பது, இதெல்லாம் 38 பேருக்கும் போய்ச் சேருகிறது. உங்கள் வகுப்பில் சிரமப்படுகிறவர்கள் மூன்று பேர்தான் என்றும் நான் நம்பவில்லை. சுமார் 7 சதவீதப் பிள்ளைகளுக்கு, வேறு வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமலே, மொழியைப் புரிந்துகொள்வதிலும் கோத்துப் பேசுவதிலும் நீடித்த சிரமம் இருக்கிறது. 38 பேரில் இரண்டு மூன்று பேர் ஆகிறது. காதில் கருவி இல்லை, கையில் சான்றிதழ் இல்லை, பேசாமல் நடுவரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிரிட்டனில் 1978-இல் மேரி வார்னாக் தலைமையிலான குழு, ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளி வாழ்வில் எப்போதாவது சிறப்பு உதவி தேவைப்படும் என்று கணித்தது. அந்தக் கணக்கில் உங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேர்.

சில வேலைகள் உண்மையாகவே கூடுதல் நேரம் எடுக்கும், அதை மறைக்க மாட்டேன். அந்தப் பையனோடு உட்காரும் ஐந்து நிமிடம் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஐந்து நிமிடம்தான். ஆனால் தேவையைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதை நான் நியாயம் என்று எண்ணவில்லை. சட்டத்தின் போக்கும் அதுதான். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24-ஆம் பிரிவில், பொதுப் பள்ளியில் படிக்கும் உரிமையோடு ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களையும் கேட்கிறது. வகுப்பில் எதையும் மாற்றாமல் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைப்பதை உள்ளடக்கிய கல்வி என்று சொல்ல முடியாது என்று அந்த உடன்படிக்கைக்கான குழு 2016-இல் தெளிவாகவே எழுதியது. ஆகவே, உதவியாளரோடு பாடத்தைப் பற்றிப் பேச வாரம் இருபது நிமிடம் ஒதுக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டால், நீங்கள் சலுகை கேட்கவில்லை.

திட்டம் என்று ஒன்று எழுதச் சொல்வார்கள், படிவம் நீளமாக இருக்கும். உங்களுக்கென்று ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எதில் கெட்டி, எது தடுக்கிறது, எது பலன் தருகிறது, ஆறு வாரத்துக்கு எதை முயல்கிறோம். இலக்கைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக எழுதுங்கள். 'கவனம் மேம்பட வேண்டும்' என்று எழுதினால் ஆறு வாரம் கழித்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. 'நான் வகுப்புக்குப் பொதுவாகச் சொல்வதைக் கேட்டு, உதவியாளர் சொல்லாமலே, ஐந்தில் மூன்று முறை வேலையைத் தொடங்குவான்' என்று எழுதினால் சொல்லலாம். பலிக்கவில்லை என்றால் பிள்ளையின் மேல் பழி போடுமுன் முறையை மாற்றிப் பாருங்கள். வீட்டுக்குப் பிரச்சினை வரும்போது மட்டும் போன் செய்தால், உங்கள் எண்ணைப் பார்த்தாலே அந்தத் தாய்க்கு வயிறு கலங்கும். ஒருமுறை நல்ல சேதி சொல்லவும் கூப்பிடுங்கள். தேர்வில் கூடுதல் நேரமோ, வாசித்துக் காட்டுபவரோ, எழுதுபவரோ கிடைக்கும் என்றால் அதை வகுப்புத் தேர்வுகளிலேயே பழக்குங்கள். சொல்லி எழுத வைப்பது தனியொரு திறமை, பெரிய தேர்வு நாளில் முதன்முதலாகச் செய்ய முடியாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். நாளைக்கு அந்தப் பெண்ணின் இடத்தை மாற்றுங்கள், அவளையே கேட்டு மாற்றுங்கள், எங்கிருந்தால் நன்றாகக் கேட்கிறது என்று அவளைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. இந்த வாரம் முழுக்கப் பலகை ஓரத்தில் நான்கு வரி. வாசிப்புச் சோதனையை வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிடலாம். உதவியாளரின் நாற்காலியை நகர்த்துவதற்கு முன்னால் மட்டும் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள், திடீரென்று செய்தால் தன் மேல் ஏதோ புகார் என்று நினைத்துவிடுவார். அடுத்த வாரப் பாடத்தை அவரிடம் முன்கூட்டிக் கொடுங்கள். அப்புறம், அந்தப் பையனுக்கு எது பிடிக்கும், எங்கே விட்டுவிடுகிறான் என்று கேளுங்கள். இத்தனை மாதமாக உங்கள் பாடத்தை அவன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான்.